நேர்வகுப்பா, இணையவழிப் படிப்பா? டர்பனில் கேட்ட ஒரு கேள்விக்கு நீண்ட பதில்

ஆடிக் கூழ் ஊற்றி முடித்து, கோவில் பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நான் யூனிசால சேரலாமா? இல்ல, ஏதாவது காலேஜுக்கு நேராப் போய்ப் படிக்கிறதுதான் நல்லதா?" யூனிசா என்றால் வீட்டிலிருந்தே படிக்கும் தென்னாப்பிரிக்கத் தொலைநிலைப் பல்கலைக்கழகம். மதுரைப் பக்கமிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது அவளுக்கு. மூன்று வயதில் ஒரு பையன். ஊரில் படித்த பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனது. அடியில் பிடித்திருந்த கூழைச் சுரண்டிக்கொண்டே கேட்டாளே தவிர, தலையை நிமிர்த்தவில்லை. இதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு எத்தனை மாதம் ஆனதோ.

"சேர்ந்துடும்மா, நானும் அப்படித்தான் படிச்சேன்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு உறுத்தியது. நான் படித்தேன், சரி. மூன்று வருஷப் படிப்பை முடிக்க எனக்கு எட்டு வருஷம் ஆனதே, அதைச் சொன்னேனா? என்னோடு அதே ஆண்டு சேர்ந்த இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்களே, அதைச் சொன்னேனா? அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். டர்பன், ஜொகானஸ்பர்க் என்று இந்த நாட்டில் எங்கே இருந்தாலும், மேட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்த பிள்ளைக்காகவோ தனக்காகவோ இதே கேள்வியோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் உதவட்டும்.

இணையவழிப் படிப்பு ஏதோ கொரோனா கொண்டுவந்த புதுப்பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். யூனிசா 1873இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1946லிருந்து தபால் வழியாகவே பாடம் நடத்தியது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே படித்து 1989இல் சட்டப் பட்டம் முடித்தது அங்கேதான். நம் ஆட்களுக்கோ அது வேறு வழியில்லாத வழியாகவும் இருந்தது. டர்பன் துறைமுகத்துக்குள்ளே இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி ஒன்றை நிறவெறி அரசு 1961இல் திறந்தது. படகேறிப் போய்ப் படிக்க வேண்டும். அதுதான் பின்னால் வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி ஆனது.

என் மாமனார் அந்தப் படகில் ஏறவில்லை. துணித் தொழிற்சாலையில் வேலை, கீழே நான்கு தம்பி தங்கைகள். தபாலில் படித்தார். எழுதி அனுப்பிய அசைன்மென்ட் சிவப்பு மையில் திருத்தி, பழுப்பு உறையில் திரும்பி வர வாரக்கணக்காகும் என்பார். அதில் இரண்டு உறைகள் இன்னும் அவர் அலமாரியில் இருக்கின்றன. ஒரு நாள் அவற்றை எடுத்துக் காட்டினார். உறையின் பின்பக்கம் பென்சிலால் நான்கு பெயர்கள், எதிரே தேதிகள். என்ன இது மாமா என்றேன். அந்த நான்கு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூடுவார்களாம். யார் எந்தப் பாடத்தைப் படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற கணக்காம் அது. அவர்கள் படிப்பை முடித்ததன் ரகசியம் அந்த உறையின் உள்ளே இருந்த காகிதத்தில் இல்லை, பின்பக்கம் எழுதிய பென்சில் எழுத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் மணிக்கணக்கு

கட்டணத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது நேரத்தை. இந்த நாட்டில் ஒவ்வொரு படிப்புக்கும் கிரெடிட் கணக்கு உண்டு. ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பத்து மணி. முழுநேரப் படிப்பில் ஓர் ஆண்டுக்கு 120 கிரெடிட், அதாவது 1200 மணி நேரம். மூன்றாண்டு இளநிலைப் பட்டம் 360 கிரெடிட், 3600 மணி நேரம்.

இந்தக் கணக்கு நேர்வகுப்புக்கும் இணையவழிக்கும் ஒன்றேதான். வீட்டிலிருந்து படித்தால் சுலபம் என்பது இங்கேதான் பொய்யாகிறது. மாட்யூல் என்பது தனியாகத் தேற வேண்டிய ஒரு பாடம். யூனிசாவில் பெரும்பாலான இளநிலை மாட்யூல்கள் 12 கிரெடிட். ஒரு மாட்யூலுக்கு 120 மணி நேரம். ஏறக்குறைய பதினைந்து வாரம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு எட்டு மணி நேரம். ஒரே மாட்யூலுக்குத்தான் இது! ஐந்து மாட்யூல் எடுத்தால் வாரம் நாற்பது மணி, அது ஒரு முழுநேர வேலை. வேலைக்கும் போய், சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்தபிறகு இன்னொரு முழுநேர வேலைக்கு உடம்பில் தெம்பு இருக்குமா?

நான் முதல் ஆண்டில் செய்த தப்பு இதுதான். துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை எனக்கு. காலை ஏழரைக்குப் போனால் ஐந்தரைக்குத் திரும்புவேன். ஊக்கத்தில் அரையாண்டுக்கு நான்கு மாட்யூலுக்குப் பணம் கட்டினேன். வாரம் 32 மணி நேரம் தேவை. எனக்கு நிஜமாகக் கிடைத்தது பதினைந்துதான். இரண்டில் தேறினேன், இரண்டில் போனது. போன இரண்டுக்கும் மறுபடி பணம் கட்டினேன். அடுத்த அரையாண்டிலிருந்து இரண்டே மாட்யூல். ஒரு பட்டத்துக்குச் சுமார் முப்பது மாட்யூல், ஆண்டுக்கு நான்கு என்றால் ஏழரை வருஷம். எனக்கு எட்டு ஆனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்தச் சுதந்திரம் இணையவழியின் பெரிய வரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நேர்வகுப்பில் முழு ஆண்டுச் சுமையையும் தூக்க வேண்டும். இங்கே நம் தோளுக்கு ஏற்ற மாதிரி மூட்டையைக் கட்டிக்கொள்ளலாம், மாட்யூல் மாட்யூலாகப் பணம் கட்டலாம். பிள்ளைப்பேறு வந்தது, மாமியாருக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டு முறையும் நான் வேகத்தைக் குறைத்தேனே ஒழிய விடவில்லை. எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற உச்சவரம்பை மட்டும் சேரும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மேட்ரிக் முடித்த கையோடு, வேறு வேலை எதுவும் இல்லாத பிள்ளையை, வீட்டு அறையில் லேப்டாப்போடு உட்காரவைத்து முழுப் பட்டம் படிக்கச் சொல்லாதீர்கள். நேர்வகுப்பில் இடம் கிடைத்தால் அங்கேயே அனுப்புங்கள், டாக்ஸிக்கு, அதாவது இங்கே பலர் சேர்ந்து ஏறும் வேனுக்கு, செலவானாலும் பரவாயில்லை.

டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன். நல்ல மதிப்பெண், அமைதியான சுபாவம். காலையில் டவுனுக்குப் போகும் டாக்ஸிகளில் நடக்கும் திருட்டுக்கும் சண்டைக்கும் பயந்து, அவன் அம்மா இணையவழியிலேயே சேர்த்துவிட்டார். பயத்தைத் தப்பு சொல்ல மாட்டேன். பெற்றவள் அப்படித்தான் யோசிப்பாள். பிப்ரவரியில் பாடம் தொடங்கியது. அறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே திரை வெளிச்சம் தெரியும். அம்மா மூன்று மணிக்கு டீயும் பிஸ்கட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்புவார். படிக்கிற பிள்ளை, தொந்தரவு செய்யக்கூடாது.

ஜூன் மாதம் நாங்கள் போயிருந்தபோது கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். பழைய டீ அப்படியே ஆடை கட்டிப்போய் மேசையில் இருந்தது. திரையில் பாடத்தின் முதல் அலகுதான் திறந்திருந்தது. "ஆன்ட்டி, ரெண்டு அசைன்மென்ட் போயிடுச்சு. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்றான். நான்கு மாதமாக அந்தப் பிள்ளை தன் படிப்பைப் பற்றி ஒரு மனிதரிடமும் பேசவில்லை. சோம்பேறி அல்ல அவன். பன்னிரண்டு வருஷம் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்கார்ந்து பழகியவன். ஒரே நாளில் அந்த மணி நின்றுவிட்டது. தனக்குத்தானே மணியடித்துக்கொள்ள யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு நகரத்தில் நேர்வகுப்பில் கணினிப் படிப்புக்குச் சேர்ந்தான். காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறான். பேராசிரியர்கள் பெரிய மேதைகள் என்றெல்லாம் இல்லை. ஆனால் ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் மூன்று பேர் போன் செய்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பக்கத்து நாற்காலிப் பையனின் திரையை எட்டிப் பார்த்தால் தன் தப்பு தெரிந்துவிடுகிறது. தொலைநிலையில் சேர்பவர்களில் பட்டம் முடிப்பவர்கள் நேர்வகுப்பைவிட மிகக் குறைவு என்பதை உயர்கல்வித் துறையின் கணக்குகளே காட்டுகின்றன. அந்த எண்களுக்குப் பின்னால் ஆடை கட்டிய டீக்கோப்பைகள் எத்தனை இருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

விதிவிலக்கு இல்லையா என்றால் உண்டு. பள்ளி நாளிலேயே யாரும் சொல்லாமல் எழுந்து படித்த பிள்ளை, வீட்டில் ஓரளவு தனியிடம், வாரம் ஒருமுறையாவது கூடிப் படிக்க நண்பர்கள். மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். மேட்ரிக்கில் பட்டப்படிப்புக்குரிய தேர்ச்சி கிடைக்காமல், 120 கிரெடிட் சான்றிதழ் படிப்பிலிருந்து ஏறிவர வேண்டிய பிள்ளைக்கும் இணையவழி ஒரு கதவுதான். அந்த ஓராண்டு மட்டும் பெரியவர்கள் யாராவது கூடவே இருக்க வேண்டும்.

வேலையில் இருப்பவருக்கு

தராசு இங்கே அப்படியே மறுபக்கம் சாய்கிறது. வேலையில் இருந்துகொண்டு, என்ன படிக்கிறோம், எதற்குப் படிக்கிறோம் என்று தெரிந்தவருக்கு இணையவழியைவிட நல்ல வழி இல்லை. இதற்கு அழகான உதாரணம் கணக்காயர் படிப்பு. இந்த நாட்டில் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக, படிப்போடு கூட அலுவலகப் பயிற்சியும் வேண்டும். பட்டம் முடித்தவருக்கு மூன்றாண்டு, பட்டம் இல்லாமல் சேர்பவருக்கு ஐந்தாண்டு. பகலில் தணிக்கை அலுவலகத்தில் பயிற்சி, இரவில் யூனிசாவில் பாடம் என்று ஏறி வந்தவர்கள் ஏராளம். காலையில் வாடிக்கையாளரின் பேரேட்டில் பார்த்த தேய்மானக் கணக்கு அன்று இரவே பாடத்தில் வந்து நிற்கும்போது, அது மண்டையில் பதிகிற விதமே வேறு.

என் அலுவலகத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் இருக்கிறார், மூன்று பிள்ளைகள். மதிய உணவு நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், காரின் பின்சீட்டில் உட்கார்ந்து படிப்பார். மடியில் சாப்பாட்டு டப்பா, முன்சீட்டின் முதுகில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிய கைபேசி, காதில் பாட உரை. நாற்பத்தைந்து நிமிடம், வாரம் ஐந்து நாள். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் அந்தக் காரிலேயே தேறிவிடும். "வீட்டுல யாரும் எனக்கு நேரம் குடுக்க மாட்டாங்க, நானே எடுத்துக்கிட்டேன்" என்றார். அவரை வாரம் நான்கு நாள் வெஸ்ட்வில் வளாகத்துக்கு வா என்று யார் சொல்ல முடியும்? சாட்ஸ்வொர்த்திலிருந்து வாகனம் இல்லாதவர் டவுனுக்குப் போய், வாரிக் சந்திப்பில் மாறி, மறுபடி வெஸ்ட்வில் வண்டி பிடிக்க வேண்டும். போகவர அரை நாள் அதிலேயே கரைந்துவிடும்.

திரையில் கற்க முடியாதவை

இதை நீட்டத் தேவையில்லை. மருத்துவம், செவிலியர் பணி, பல்தொழில்நுட்பம், மின்வேலை, சமையற்கலை எல்லாம் கை பழக வேண்டிய படிப்புகள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தெக்வினி போன்ற அரசுத் தொழிற்கல்லூரிகள் என்று நேரில்தான் போக வேண்டும். செவிலியர் படிப்பை முழுக்க இணையத்தில் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆசிரியர் படிப்பு இடைப்பட்டது. பாடத்தைத் தொலைநிலையில் படிக்கலாம், ஆனால் பள்ளியில் கற்பிக்கும் பயிற்சிக்கு நேரில் போய் நிற்க வேண்டும். வேலையில் இருப்பவர்கள் அந்த வாரங்களுக்கு விடுப்பு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இதைக் கேட்காமல் சேர்ந்து, கடைசி ஆண்டில் வேலையா படிப்பா என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரண்டும் கைபேசியும் தேர்வு நாளும்

நான்காம் ஆண்டில் ஒரு நவம்பர் மாலை. கணக்குத் தேர்வு, வீட்டிலிருந்தே எழுதுவது. ஐந்தொகையைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். எழுதி முடித்தபோது ஏற்றுவதற்கு இருபது நிமிடம் இருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தேன். சமையலறைக் குழல்விளக்கின் கீழே தாளைப் பரப்பினால் என் தலையின் நிழலே அதன் மேல் விழுந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு, விளக்குக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுத்தேன். ஆறாவது பக்கத்தில் கைபேசி இடமில்லை என்றது. நாத்தனார் கல்யாண வீடியோக்கள். எதை அழிப்பது என்று பார்க்க நேரமில்லை, கை நடுங்க அழித்தேன். பக்கங்களை அடுக்கி, பிடிஎஃப் ஆக்கி, அனுப்பு என்று தொட்டபோது இரண்டு நிமிடம் மீதி. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

விதி முன்பே எழுதித் தந்திருந்தார்கள். தப்பு என்னுடையது. முந்தின நாள் ஒரே ஒரு முறை, நான்கு வெள்ளைத்தாளை வைத்து ஒத்திகை பார்த்திருந்தால் அந்த ஆறு மாதம் வீணாகியிருக்காது. அன்று இரவு மாமியார் தட்டில் சோறு போட்டு வைத்து, "அழுதது போதும் கண்ணு, சாப்புடு" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நேர்வகுப்பு மாணவருக்கு இந்தக் கவலையே கிடையாது. தேர்வுக்கூடத்தில் மேசை, வெளிச்சம், கடிகாரம், கண்காணிப்பவர் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. வீட்டிலிருந்து எழுதினால் அத்தனையும் உங்கள் பொறுப்பு. பல தேர்வுகளில் கைபேசியில் கண்காணிப்புச் செயலி ஓட வேண்டும். இடையிடையே முகத்தைப் படமெடுக்கும், அறையின் ஓசையைப் பதிவுசெய்யும். ஒரே ஹாலில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், டிவி ஓடும் வீட்டில், அந்த மூன்று மணி நேர அமைதியை எப்படி உண்டாக்குவீர்கள்? சேரும் முன்பே வீட்டாரோடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

மின்வெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 2023இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது பல பகுதிகளில் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போனது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் கேபிள் திருட்டு, மழை, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் பக்கத்துக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றதை மறக்க முடியுமா? அந்த நாட்களில் யார் புத்தகத்தைத் தொட்டார்கள்? வெள்ளம் வந்தால் நேர்வகுப்பும் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே எல்லோருக்கும் சேர்ந்து நிற்கும், எல்லோருக்கும் சேர்ந்து தேதி தள்ளும். வீட்டுப் படிப்பில் உங்கள் தெருவில் மட்டும் கரண்ட் போனால் அதை நீங்கள்தான் விளக்கி எழுதியாக வேண்டும். ரூட்டருக்கென்று விற்கும் சின்ன பேட்டரி ஒன்று வாங்கி வையுங்கள், ஃபைபர் போனால் கைகொடுக்கக் கைபேசியில் கொஞ்சம் டேட்டாவும் இருக்கட்டும்.

லேப்டாப் இல்லாமல் கைபேசியிலேயே முழுப் பட்டமும் படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உரை கேட்கலாம், வாசிக்கலாம். பத்துப் பக்கக் கட்டுரையைக் கட்டைவிரலால் தட்டுவது கொடுமை. டர்பன் நகரத்தில் யூனிசாவுக்கு வட்டார மையம் இருக்கிறது, நூலகமும் உண்டு. மாநகராட்சி நூலகங்கள் பலவற்றில் இலவச வைஃபை கிடைக்கிறது. என் கடைசி இரண்டு ஆண்டு பெரும்பாலும் நூலக மேசையில்தான் கழிந்தது. வீட்டில் இரண்டு மணி நேரத்தில் முடிவது அங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

பணம்

தொலைநிலைக் கட்டணம் நேர்வகுப்பைவிடப் பொதுவாகக் குறைவு. டாக்ஸிச் செலவும் தங்குமிடச் செலவும் இல்லை. அதோடு லேப்டாப், ஃபைபர், டேட்டா, புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். தவறிப்போகும் மாட்யூலுக்கு இரண்டாம் முறை கட்டும் பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்கும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்எஸ்ஃபாஸ் அரசு உதவி உண்டு. 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும், யூனிசாவும் அதில் அடக்கம். ஆனால் தங்குமிடம், போக்குவரத்து என்று நேர்வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கும் அளவுக்குத் தொலைநிலைப் பிள்ளைக்குக் கிடைக்காது. பணம் இல்லை, அதனால் இணையவழி என்று முடிவு செய்யும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உதவித்தொகையோடு பார்த்தால் நேர்வகுப்பே மலிவாகிவிடுகிற வீடுகள் உண்டு.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வேலை. விசாவில் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியச் சான்றிதழ்களை சாக்கா என்ற தகுதி ஆணையத்தில் மதிப்பிட்டு வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். வெளிநாட்டு மாணவர் என்றால் கட்டணமும் கூடும்.

ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தால்?

இங்கிருந்தபடியே இந்தியப் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நல்ல படிப்புகள் வந்திருக்கின்றன. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு அப்படி ஒன்று. பாடம் இணையத்தில், தேர்வு மையத்தில் நேரில். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எந்த மையத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். இந்தியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு ஏழு மணி வகுப்பு என்றால் டர்பனில் மதியம் மூன்றரை. வேலைக்குப் போகிறவர் எப்படி உட்காருவார்? பதிவுசெய்த உரை கிடைக்குமா, நேரலைக்கு வருகைப்பதிவு உண்டா என்று கேட்க வேண்டும். படித்து முடித்த பட்டத்தை இங்கே வேலைக்குக் காட்டும்போது மறுபடி சாக்காவிடம்தான் போக வேண்டும்.

உள்நாட்டுத் தனியார் இணையக் கல்லூரிகளிலும் நல்லவை இருக்கின்றன. ஆனால் உயர்கல்வித் துறை வெளியிடும் பதிவுப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்பும் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இந்நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் மேட்ரிக் நான்காம் நிலை, இளநிலைப் பட்டம் ஏழாம் நிலை. உங்கள் படிப்பு எத்தனையாம் நிலை, எத்தனை கிரெடிட் என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும். சிரித்துப் பேசி வேறு பேச்சுக்குப் போனால் போனை வைத்துவிடுங்கள்.

பட்டம் தொடர்பில்லாத ஒன்றையும் இடையில் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் எனக்குப் பெரிய துணை. எழுத்து, வாசிப்பு, இலக்கணம் மூன்றுக்கும் திரை நன்றாகவே உதவுகிறது. ஆனால் நான்கு தலைமுறைக்கு முன்னால் தமிழ் பேசிய வீட்டுப் பிள்ளை "தண்ணி குடு" என்று வாய்திறந்து கேட்பது, மண்டபத்தில் தாகமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு பாட்டி சொம்போடு நின்றால்தான். வாசிக்கத் தெரிந்த பெரியவருக்குத் திரை போதும், பேசக் கற்கும் குழந்தைக்கு ஆள் வேண்டும்.

பதினான்கு நாள்

அந்தப் பெண்ணை மறு வாரம் வீட்டுக்கு வரச் சொன்னேன். இத்தனையும் சொல்லி, ஒரு வேலையும் கொடுத்தேன். காசில்லாமல் கிடைக்கும் கணக்குப் பாடம் ஒன்றை இணையத்தில் எடுத்துக்கொள். தினம் ஒன்றரை மணி நேரம், உனக்கு வசதியான நேரத்தில் உட்கார். உட்கார்ந்த நாளில் கோவிலில் தந்த நாட்காட்டியில் ஒரு வட்டம் போடு. படித்ததை இரவில் ஒரு வரியாக எனக்கு அனுப்பு. பதினான்கு நாள் கழித்து நாட்காட்டியைக் கொண்டு வா, பிறகு பேசுவோம்.

வந்தாள். முருகன் படம் போட்ட நாட்காட்டியைச் சுருட்டி, பையனின் பாட்டில் பையில் செருகிக் கொண்டுவந்திருந்தாள். முதல் வாரம் ஆறு வட்டம், இரண்டாம் வாரம் மூன்று. பையனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒன்பது வட்டம், பதின்மூன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஏழுகூட இல்லை. அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள், நான் வாய் திறக்கவில்லை. ஒரு மாட்யூலுக்கே எட்டு வேண்டும்.

"அத்தைகிட்டப் பேசினேன்கா. சனிக்கிழமை காலைல பையன அவங்க பாத்துக்கறாங்களாம், நான் லைப்ரரிக்குப் போயிட்டு வரணுமாம்" என்றாள். நான்கு மணி நேரம் கூடியது. ஏறக்குறைய பதினொன்று.

"அப்ப ஒண்ணே ஒண்ணு எடுக்கறேன். ஜூலையில ரெண்டு எடுக்க முடியுமான்னு அப்பறம் பாப்போம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "நைட்டு ஒரு வரி அனுப்பறத மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.

நேற்று இரவு வந்த வரி தேய்மானத்தைப் பற்றியது. அதில் ஒரு தப்பு இருந்தது. சனிக்கிழமை நூலகத்துக்கு நானும் போகிறேன், உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.